மேட்டு வீட்டுக்கு ஒரு டப்பா

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை காலை சான் ஹிலாரியோ குன்றில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நெலிதா இன்றைக்காவது பொதுப்பானைக்கு வருவாளா, மாட்டாளா?

வரவில்லை.

ஏப்ரனைக் கழற்றி நாத்தனார் அய்தேயின் காலடியில் வீசிவிட்டு அவள் போய் ஒரு மாதம் ஆகிறது. குன்றின் பெண்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து பரிமாறும் அந்தக் கூடத்துக்குத் தலைவி அய்தே. கைப்பக்குவம் என்றால் நெலிதா. தினமும் ஒரு டப்பா சாப்பாடு யாருக்கும் தெரியாமல் எங்கேயோ போகிறது என்று கண்டுபிடித்தவள் அய்தே. எங்கே என்று கேட்டதற்கு வாயே திறக்காதவள் நெலிதா. 'ஊர்ச் சோத்துல கை வச்சவ' என்று அத்தனை பேர் முன்னாலும் ஒரு வார்த்தை விழுந்தது. அத்தோடு சரி.

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டவன் வில்பெர். ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்குத் தம்பி. மோட்டோடாக்சி என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். தெருவில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பான். வீட்டில் இருமுவதற்குக்கூட யோசிக்கிறான்.

வில்பெர், நெலிதாவின் மகள் அனயெலிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இந்தச் சண்டையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கையில் மஞ்சள் பெயின்ட் இருந்தது.

*

பெருவின் லிமா நகரத்து ஆகஸ்ட் குளிரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சூரியன் விடுமுறை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடும். கடலிலிருந்து ஏறி வரும் பனி, குன்றின் தகரக் கூரைகளையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் கூரைமேல் குரைக்கும் நாய்களையும் ஒரே சாம்பல் நிறத்தில் மூழ்கடித்துவிடும்.

அந்தச் சாம்பலுக்கு நடுவில் பொதுப்பானையின் பலகைச் சுவர் மட்டும் அன்று காலை வேறு மாதிரி எழுந்துகொண்டிருந்தது.

சுலேமா மிஸ்ஸின் வகுப்புக் குழந்தைகள் தூரிகையோடு வரிசையாக நின்றார்கள். சுவரைச் சாண் போட்டு அளந்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்ததும் அவர்களே. அது கணக்குப் பாடம். படி இறங்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களிடம் போய், 'உங்களுக்கு என்ன படம் வேணும்?' என்று கேட்டு எழுதி வந்தது மொழிப்பாடம். கேட்ட படத்தை ஒவ்வொருவரின் சாப்பாட்டு டப்பா மூடியிலும் வரைந்து காய வைத்திருந்தார்கள். மத்தியானம் டப்பாவில் சாப்பாடு நிறைத்து, குழந்தைகளே மேலே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

"கேக்காம வரையக்கூடாது. கேட்டத வரையாம இருக்கவும் கூடாது," என்பது மிஸ் போட்ட சட்டம். சுவருக்கு மட்டும் விலக்கு. சுவரில் அவரவருக்குத் தோன்றியது.

அனயெலிக்குத் தோன்றியது சமைக்கிற பெண்கள்.

உள்ளே பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பருப்பு சாப்பிட்டால் வாரம் முழுக்கக் கையில் காசு நிற்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கூடத்து மற்றப் பெண்களெல்லாம் கீழே மொத்தச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அய்தே தனியாக இருந்தாள். கரண்டியோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடி இது? நடுவுல, இவ்ளோ பெருசா?"

"அம்மா," என்றாள் அனயெலி.

"உங்கம்மா இங்க சமைக்கலையே."

"முன்னாடி சமைச்சாங்கல்ல அத்தை?"

"முன்னாடின்னா என்னையும் முன்னாடி மாதிரி இருபது வயசா வரைய வேண்டியதுதானே? ஆமா, நான் எங்க?"

அனயெலி ஓரத்தைக் காட்டினாள். பானைக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெண். முகத்தில் முக்கால்வாசி வாய்.

"இது வாயா, குகையா?"

"மய்கோல்தான் சொன்னான். நீங்க கத்தினா கீழ ரோடு வரைக்கும் கேக்குதுன்னா, வாய் அவ்ளோ பெருசு இருந்தாத்தான் முடியும்னு."

பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் மய்கோல் சட்டென்று பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

"அழி இத."

"வாயையா?"

"உங்கம்மாவ!"

அனயெலி தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மாட்டேன்."

"அனயெலி!"

"மாட்டேன் அத்தை. அம்மா கரண்டி பிடிக்கிற கை எனக்கு மூணு தடவை தப்பா வந்து இப்பத்தான் சரியா வந்திருக்கு."

சுலேமா மிஸ் ஓடி வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். குன்றின் சண்டைகள் எதுவும் அவளுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. "அய்தேம்மா, பெயின்ட் காயட்டுமே. அப்புறம் பேசலாமே..."

"காஞ்சப்புறம் எப்படி அழிக்கிறது? நான் என்ன சொல்றேன்னா, இந்தக் கூடத்துல கை சுத்தமா இருக்கிறவங்க மட்டும்தான்..."

அவள் மேலே பேசவில்லை. மூக்கு சுருங்கியது.

எல்லோர் மூக்கும் சுருங்கியது.

"மிஸ்," என்றான் மய்கோல், பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்தே. "ஏதோ கருகுது."

*

அந்தப் பெரிய பானையின் அடியில் கரி விரல்கனத்துக்குப் பிடித்திருந்தது. மேலாக எடுத்துப் பார்த்தாலும் புகை வாசனைதான். அய்தே ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருக்கும் கூடம். ஒரு நாள்கூடப் பானை இறங்காமல் இருந்ததில்லை.

"சந்தைக்குப் போனவங்க எப்ப வருவாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் மிஸ்.

"லாரி கிடைச்சா மூணு மணி."

அதற்குள் மேலே இருப்பவர்கள் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ந்துகொண்டிருந்த மூடிகளைப் பார்த்தார்கள்.

அனயெலி யாரிடமும் சொல்லவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

நெலிதா வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மூக்கோடு வந்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"என்னடி? பள்ளிக்கூடம்?"

"அம்மா, பருப்பு கருகிடுச்சு."

நெலிதாவின் கை சோப்பு நுரையில் ஒரு நிமிடம் நின்றது. மறுபடி தேய்த்தது. "உங்க அத்தை கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன, அதுக்கு நான் என்ன பண்ண? என் கை அங்க பட்டா ஊர்ச் சோறு தீட்டாயிடுமே!"

"பிரிகிதாம்மாவுக்கு நான் பசு வரைஞ்சு வச்சிருக்கேன்மா."

"அதனால?"

"பசு மட்டும் குடுத்தா அவங்க எதச் சாப்பிடுவாங்க?"

நெலிதா மகளையே பார்த்தாள். வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து நிறுத்தினாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க அத்தைக்காக வரல. சொல்லிட்டேன். பிரிகிதாம்மாவுக்காக வரேன். அங்க பூசணி இருக்கா?"

"மூலையில ரெண்டு பெருசா இருக்கு. நான் போன வாரம் அதுமேல உக்காந்தேன்."

*

நெலிதா உள்ளே நுழைந்தாள். அய்தே நிமிர்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்கள். அந்தக் கூடம் அவ்வளவு சின்னது.

நெலிதா ஆணியில் தொங்கிய ஏப்ரனைத் தொடவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். பூசணியை இரண்டாக வெட்டினாள்.

"அனயெலி," என்றாள், சுவரைப் பார்த்து. "உருளைக்கிழங்கு எங்கன்னு உங்க அத்தையக் கேளு."

அத்தை இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

"அத்தை, உருளைக்கிழங்கு எங்க?"

"வச்ச எடத்துல இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. ஒரு மாசத்துல அதுக்கு கால் முளைச்சிடல."

அனயெலி திணறினாள். மய்கோல் முன்னுக்கு வந்தான். அவனுக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

"கிழங்குக்குக் கால் இல்லையாம்," என்று நெலிதாவிடம் அறிவித்தான்.

"மிளகாய் விழுது போதாது, இன்னும் அரைக்கணும்னு சொல்லு."

"அரைக்கணுமாம்! போதவே போதாதாம்! ரொம்ப மோசமாம்!"

"நான் மோசம்னு சொல்லலடா!"

"அவங்க மோசம்னு சொல்லலையாம்," என்றான் மய்கோல் அய்தேயிடம். "ஆனா மனசுல இருக்குன்னு நினைக்கிறேன்."

சுலேமா மிஸ் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

வில்பெர் அந்த நேரத்தில்தான் வந்தான். தண்ணீர் கேன் கொண்டு வந்தவன் வாசலில் ஒரு காலை வைத்தான். உள்ளே மனைவியும் அக்காவும் ஒரே பானையைச் சுற்றி நிற்பதைப் பார்த்தான். வைத்த காலை அப்படியே எடுத்தான்.

"வந்துட்டு எங்க போற?" என்றன இரண்டு குரல்கள்.

ஒரு மாதத்தில் அந்த இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது. இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

வில்பெர் உட்கார்ந்து பூண்டு உரித்தான்.

பூசணியும் கிழங்கும் சோளமும் ஒன்றாகக் குழைந்து பொன்னிற லோக்ரோவாகத் திரண்டது. கடைசியில் வகத்தாய்த் தழையைக் கிள்ளிப் போட்டதும் அந்த மணம் பனியைப் பிளந்துகொண்டு போனது. கீழ்த் தெரு நாய்கள்கூட எழுந்து நின்றன. அய்தே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"உப்பு சரியா இருக்கான்னு அத்தையக் கேளு," என்றாள் நெலிதா.

"இருக்குன்னு சொல்லு," என்றாள் அய்தே. முதல் தடவையாகக் குரலில் முள் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூடிபோட்ட டப்பாக்கள் வரிசையாக நின்றன. பசு மூடி, ரயில் மூடி, மீன் மூடி, கித்தார் மூடி.

அந்த வரிசையின் கடைசியில் நெலிதாவின் கை தானாக இன்னொரு டப்பாவை எடுத்தது. நிறைத்தது. மூடியது. அந்த மூடியில் படம் இல்லை.

அய்தே பார்த்துவிட்டாள்.

"அது யாருக்கு?"

இந்தத் தடவை மய்கோல் வழியாகக் கேட்கவில்லை. நேராகக் கேட்டாள்.

நெலிதாவின் முகம் மாறியது. "பழக்கத்துல கை எடுத்துடுச்சு."

"அந்தப் பழக்கத்தத்தான் நான் ஒரு மாசமா கேக்கறேன்! யாருக்கு?"

"வேண்டாம்னா திருப்பிக் கொட்டிடறேன். இந்த ஒரு மாசம் என் வீட்டுச் சட்டியிலேருந்துதான் போச்சு. இன்னைக்கும் அப்படியே போகும்."

"போச்சா? எங்க போச்சு?"

நெலிதா வில்பெரைப் பார்த்தாள். வில்பெர் கையிலிருந்த பூண்டைப் பார்த்தான். உரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"மேட்டு வீட்டுக்கு," என்றாள் அனயெலி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்பா தினம் கொண்டு போவாரு. குன்று முடியற எடத்துல நீலத் திரை போட்ட வீடு. நான் கீழ வளைவுல வண்டியிலயே உக்காந்திருப்பேன். அந்த வீட்டுல யாருகிட்டயும் மிஸ் எங்கள அனுப்பிக் கேக்கல. அதான் மூடியில படம் இல்ல."

அய்தே அந்த டப்பாவை எடுத்தாள். சூட்டைப் பொருட்படுத்தாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சரி. நானே கொண்டு போறேன். ஊர்ச் சோத்த அத்தனை நாளா தின்னவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நானும் பாக்கணும்ல?"

"அக்கா, நான் போறேன்," வில்பெர் துள்ளி எழுந்தான். "படி வழுக்கும். பனி வேற..."

"நீ ஏண்டா இந்தக் குளிர்ல வேர்க்கற?"

வில்பெர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அக்கா ஏற்கெனவே முதல் படியில் இருந்தாள்.

*

மேலே போகப் போகப் பனி அடர்ந்தது. முன்னால் போகிற குழந்தையின் முதுகுப் பை மட்டும்தான் தெரிந்தது.

பிரிகிதாம்மா இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் கட்டிலோடு இருப்பவள். மூடியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் பசு கறுப்பாச்சே!"

"நீங்க பழுப்புன்னுதானே சொன்னீங்க?" அனயெலிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொன்னேனா?" பிரிகிதாம்மா மறுபடி பார்த்தாள். "ஆமாம், கறுப்புப் பசு எங்க மாமியாருது. அது உதைக்கும். இது உதைக்காது. இதுவே இருக்கட்டும்." மூடியைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினாள்.

ரயில்வேயில் வேலை பார்த்த மசெதோனியோ, வாதத்தில் ஒரு பக்கம் வராமல் போனவர். ரயில் மூடியை மடியில் வைத்துக்கொண்டு சக்கரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஓட்டறவன் எங்க? ஆளில்லாம எப்படிப் போகும்?"

மய்கோல் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, அங்கேயே எஞ்சினில் ஒரு முகம் வரைந்தான். பெரிய மீசை. மசெதோனியோ தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. ஆனால் அது எல்லோரையும் தொற்றிக்கொண்டது.

ஒவ்வொரு வீடாகக் குழந்தைகள் குறைந்தார்கள். கொடுத்து முடித்தவர்களை மிஸ் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கடைசிப் படிகளில் மிஞ்சியது அய்தேயும் அனயெலியும்தான். அதற்கு மேல் படியே இல்லை. மணல்மூட்டை அடுக்கிய ஒரு பாதை. அதன் முடிவில் பலகை வீடு. கதவுக்குப் பதில் நீலப் பிளாஸ்டிக் திரை.

காலடிச் சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வில்பெரா? இன்னைக்கு என்ன, கமகமன்னு வாசனையோட வர?"

அய்தே நின்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை என்று காட்டுப் பக்கம் கிளம்பிப் போன குரல். முதல் இரண்டு மாதம் போனில் வந்தது. பிறகு வரவே இல்லை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்றார்கள் சிலர். செத்துப்போனான் என்றார்கள் சிலர். அய்தே இரண்டையும் நம்பி, இரண்டுக்கும் அழுது முடித்திருந்தாள்.

அவள் டப்பாவை அனயெலியிடம் நீட்டினாள்.

"நீ குடு."

"நீங்க வரலையா அத்தை?"

"நீ குடுன்னேன்ல!" அது அதட்டலாக வரவில்லை. வெறும் மூச்சாக வந்தது.

அனயெலி திரையை விலக்கி உள்ளே போனாள்.

கட்டிலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கோணலாகத் திரும்பியிருந்தது. சுவரில் ஒரு ஊன்றுகோல். அவர் குழந்தையைப் பார்த்தார். கை தானாக வாய்க்குப் போனது.

"நீ... வில்பெர் பொண்ணுதானே? பல்லு விழுந்துடுச்சா உனக்கு?"

"ரெண்டு விழுந்துச்சு. ஒண்ணு கோழி முழுங்கிடுச்சு. நீங்க யாரு?"

அவர் டப்பாவை வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார்.

"உங்க மூடியில படம் இல்ல," என்றாள் அனயெலி. "உங்கள யாரும் கேக்கல. அதான். இப்பக் கேக்கறேன். என்ன படம் வேணும்?"

"எனக்கா? எனக்கு எதுக்கும்மா?"

"எல்லாருக்கும் உண்டு. நாளைக்கு வரைஞ்சு கொண்டு வருவேன். சொல்லுங்க."

அவர் படமில்லாத மூடியை விரலால் தடவினார். பிறகு அவர் முகத்தில் ஏதோ இளகியது.

"ஒரு கோழி வரை. செவப்புக் கோழி. ஒத்தக் கண்ணு. எங்க வீட்டுல இருந்துச்சு. நான் செருப்பு தைக்க உக்காந்தா நேரா வந்து என் கால் கட்டைவிரலக் கொத்தும். என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் அடங்கும். அவ மடியிலதான் தூங்கும். இப்ப இருக்கோ என்னமோ..."

"இல்ல!"

திரைக்கு வெளியே இருந்து வந்தது அந்தக் கத்தல்.

"நீ போன் பண்றத நிறுத்தின அன்னைக்கே அத அடிச்சுக் கொழம்பு வச்சுட்டேன்!"

கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

அவர் திரையைப் பார்த்துக் கேட்டார். "நல்லா இருந்துச்சா?"

"கல்லு மாதிரி இருந்துச்சு. கிழட்டுக் கோழி. நானும் என் புள்ளையும் மென்னு மென்னு தாடை வலிச்சதுதான் மிச்சம்." அய்தேயின் குரல் உடைந்தது. "மூணு வருஷம், தெயோதோரோ! இங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம். மண்மேடு சரிஞ்சு காலு மேல விழுந்துச்சு. இந்தக் காலோட உன் முன்னாடி எப்படி வந்து நிக்கிறது? வில்பெர்கிட்டயும் நெலிதாகிட்டயும் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவங்க மேல கோவிச்சுக்காத."

"கால் போனது இந்த வருஷம். அதுக்கு முன்னாடி ரெண்டு காலும் இருந்துச்சுல்ல? அப்ப எங்க போச்சு நடை?"

அய்தே திரையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"சொல்லு!"

"அதுக்குப் பதில் இருக்கு அய்தே. ஆனா திரைக்குப் பின்னாலேருந்து சொல்ற பதில் இல்ல. உள்ள வா."

"வர மாட்டேன்."

ஆனால் அவள் போகவும் இல்லை. மணல்மூட்டைமேல் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அனயெலி, நீ கீழ போ. நான் அப்புறம் வரேன். அந்தாள ஆறறதுக்கு முன்னாடி சாப்பிடச் சொல்லிட்டுப் போ."

*

கூடத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நெலிதா, மகள் தனியாக வருவதைப் பார்த்து எழுந்தாள்.

"அத்தை எங்க?"

"மேலதான் இருக்காங்க."

"என்ன பண்றாங்க?"

"திட்டறாங்க."

"இன்னுமா?"

"மூணாவது வளைவு வரைக்கும் கேட்டுச்சும்மா. அப்புறம் கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் அந்த மாமா சிரிச்சாரு. அதுக்கும் திட்டினாங்க."

நெலிதா ஈரக் கையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது என்னவோ, இப்போது கண் வழியாக வந்தது. வில்பெர் பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தான்.

அய்தே இறங்கி வந்தபோது சந்தைக்குப் போன பெண்களெல்லாம் திரும்பியிருந்தார்கள். காய்கறி மூட்டைகளோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையில் காலி டப்பா. கண் வீங்கியிருந்தது. நேராக நெலிதாவின் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லியிருக்கலாம் நீ."

"சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி."

"திருடின்னு சொன்னேனே உன்ன. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அப்பச் சொன்னா, நான் தப்பிக்கறதுக்காக அவரக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருக்கும்."

அய்தே திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. ஊர்ச் சோத்துல யாரும் கை வைக்கல. படி எறங்க முடியாத ஒருத்தருக்குத்தான் அது போச்சு. எதுக்காக இந்தப் பானைய வச்சோமோ அதத்தான் இவ பண்ணினா. நான் சொன்ன வார்த்தைய எல்லாரு முன்னாடியும் சொன்னேன். எல்லாரு முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன்."

ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்தாள். நெலிதாவைத் திருப்பி நிறுத்தி, அவளே பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டாள்.

"அப்ப சுவத்துல அம்மாவ அழிக்க வேணாமா?" என்றாள் அனயெலி.

"எவ சொன்னா அழிக்கச் சொல்லி?"

அனயெலி வாயைத் திறந்தாள். மய்கோல் அவள் காலை மிதித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அய்தேயின் ஏப்ரன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்லக் குறைந்தது.

அவள் மகன் யூபெர். தெற்கே இக்கா ஊரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். 'எனக்கு அப்பான்னு ஒருத்தர் இல்ல' என்று சொல்லி, வீட்டிலிருந்த அப்பாவின் படங்களையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிப் போட்டவன்.

"அம்மா!" என்றது போன். சத்தம் வெளியே எல்லோருக்கும் கேட்டது. "ஒரு வாரம் லீவு குடுத்துட்டாங்க. நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். என்ன சமையல்?"

வில்பெர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நெலிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அய்தே பனிக்குள் மறைந்திருந்த மேட்டைப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பூசணி லோக்ரோ. உன் அத்தை கை. வயிறு நிறைய சாப்பிடலாம். ஆனா நேரா வீட்டுக்குப் போகாத. கூடத்துக்கு வா."

"ஏம்மா?"

"வேலை இருக்கு. மேட்டு வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டு போகணும்."

"எந்த மேட்டு வீடு? அங்க யாரு இருக்கா?"

அய்தே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வார்த்தையைத் தேடிக்கொண்டே நின்றாள்.

"அம்மா?" என்றது போன். "அம்மா, யாரு?"